காட்டன் சேர்த்த ஏடுகள்

இங்கிலாந்தின் ஹண்டிங்டன்ஷயர் நிலக்கிழாரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ராபர்ட் காட்டன் (1571–1631) அரசு ஆவணங்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார் என்று குறைசொல்வதுண்டு. அதில் உண்மை உண்டு. சுவடிகளைப் பிரித்துத் தன் விருப்பப்படி சேர்த்துக் கட்டியதும் வருத்தத்துக்குரியதே. ஆனால் மடாலயங்கள் கலைக்கப்பட்டு ஏடுகள் சிதறிய நாட்டில், தேசிய நூலகம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், அவர் தேடிச் சேர்த்தார். 1215-ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்தின் எஞ்சியுள்ள நான்கு படிகளில் இரண்டும், பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் ஒரே கையெழுத்துப் படியும் அவர் நூலகத்தால்தான் நமக்குக் கிடைத்தன. அவற்றை அவர் பூட்டி வைக்கவும் இல்லை. அறிஞர்களுக்கு இரவல் தந்தார். மன்னரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்கள் அங்கே பழைய சட்ட முன்னுதாரணங்களைத் தேடினார்கள். 1629-இல் மன்னர் முதலாம் சார்லஸ் அந்த நூலகத்தையே மூடவைத்தார். வெறும் பதுக்கல் என்றால் மன்னர் ஏன் அஞ்ச வேண்டும்?