ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள்

பள்ளி மாணவர்களின் கற்றலை அளக்கும் 'பரக்' தேசிய ஆய்வின் முடிவுகள் 2025 ஜூலையில் வந்தன. எந்த மாநிலம் மேலே, எது கீழே என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது. 2024 டிசம்பரில் 3, 6, 9-ஆம் வகுப்பு மாணவர்கள் 21 லட்சம் பேரை உட்காரவைத்து நடத்திய ஆய்வு அது. கேட்டதெல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சொந்தமாக நான்கு வரி எழுதச் சொல்லி எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றி ஒரு கல்வி அமைச்சரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைச் சொல்லும் 'அசர்' அறிக்கை 2005 முதல் முக்கியமாக வாசிப்பையும் கணக்கையும்தான் அளக்கிறது. அடிப்படை எழுத்தறிவுக்கான ஒன்றிய அரசின் 'நிபுண் பாரத்' திட்டம் மூன்றாம் வகுப்புக்கு வைத்த இலக்கு, நிமிடத்துக்கு 60 சொற்களைப் புரிந்து வாசிப்பது. எழுதுவதைப் பற்றியும் அதன் ஆவணம் பேசுகிறதுதான். ஆனால் அதிகாரிகள் பள்ளிக்கு வந்து கேட்கும் கணக்கில் அது இல்லை. கேட்காததை எந்த ஆசிரியர் கற்றுக்கொடுப்பார்?

ஜப்பானைப் பாருங்கள். முதல் வகுப்பில் மொழிப்பாடத்துக்கு ஆண்டுக்கு 306 பாடவேளைகள். அவற்றில் ஏறத்தாழ 100 பாடவேளைகளை எழுதுவதற்கே ஒதுக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுப் பாடத்திட்டம். மூன்றில் ஒரு பங்கு! இரண்டாம் வகுப்பிலும் அதே 100. மூன்று, நான்காம் வகுப்புகளில் 85, அடுத்த இரண்டு வகுப்புகளில் 55. மூன்றாம் வகுப்பிலிருந்து தூரிகை பிடித்து எழுதும் பயிற்சிக்கு மேலும் 30.

அந்தப் பாடவேளைகளில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். முதல் வகுப்புப் பிள்ளை தொட்டியில் ஒரு பூங்கொடியை வளர்க்கிறது. கையில் ஓர் அட்டை. மேல்பாதியில் படம் வரைய வேண்டும், கீழ்ப்பாதியில் கண்டதை எழுத வேண்டும். இலையைத் தொட்டால் எப்படி இருந்தது, நேற்றைக்கும் இன்றைக்கும் கொடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தன் சொற்களில் எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையில் அதற்கு ஒரு வரி பதில் எழுதுகிறார். மதிப்பெண்ணைவிட அந்த ஒரு வரிதான் பிள்ளையை அடுத்த அட்டையை எழுதவைக்கிறது.

இது சும்மா வந்துவிடவில்லை. 1918-இல் சுசுகி மியெகிச்சி தொடங்கிய 'அகாய் தோரி' இதழ் சிறுவர்களின் கட்டுரைகளை அச்சேற்றியது. 1930-களில் வடபகுதியின் வறிய கிராமங்களில் ஆசிரியர்கள், வீட்டில் படும் பாட்டை அப்படியே எழுதும்படி பிள்ளைகளிடம் சொன்னார்கள். 1940 வாக்கில் அப்படி எழுதவைத்த இயக்கத்து ஆசிரியர்களைப் போலீஸ் வேட்டையாடிச் சிறையில் தள்ளியது. தான் கண்டதை எழுதத் தெரிந்த பிள்ளை எவ்வளவு பெரிய சக்தி என்பது அன்றைய அரசுக்குப் புரிந்திருக்கிறது. இன்றைய நம் அரசுகளுக்குப் புரியவில்லை.

நம் வகுப்பறையில் 'மரம் வளர்ப்போம்' கட்டுரை கரும்பலகையில் இருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் தயார். நாற்பது நோட்டிலும் அதே வரிகள், பலகையில் ஓர் எழுத்து தவறினால் நாற்பதிலும் அதே தவறு. எங்கள் தெரு வேப்பமரத்தில் ஏறி விழுந்தேன் என்று ஒரு பிள்ளை எழுதினால் அதன்மேல் ஒரு கோடு விழுகிறது, அது நோட்ஸில் இல்லையாம். கையெழுத்து அழகாக இருந்தால் 'வெரி குட்'. தனியார் பள்ளிகளிலும் இதே கதைதான். கட்டணம் மட்டும் கூடுதல்.

பிள்ளைகளின் எழுத்தை அளக்கும் நாடுகளில் இங்கிலாந்தை நான் உச்சியில் வைக்கவில்லை. 2013-இல் கொண்டுவந்த இலக்கணத் தேர்வால் பத்து வயதுப் பிள்ளைகளை வினையடைகளுக்குப் பெயர் சூட்ட வைத்து வதைக்கிறது அந்த நாடு. ஆனாலும் 11 வயதில் ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தையும் ஆசிரியர் படித்து மதிப்பிடுகிறார். 2025-இல் எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள் 72 சதவீதம். 28 சதவீதம் பின்தங்கியது அந்த நாட்டுக்குத் தெரியும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் என்று தேசிய ஆய்வு எதுவும் சொல்லாது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியை முடிக்கும் பிள்ளை, ஆங்கிலத் தாளில் குறைந்தது 150 சொற்களில் ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும்.

லட்சக்கணக்கான தாள்களை யார் திருத்துவது என்பார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு மாணவர்களின் விடைத்தாள்களை ஆண்டுதோறும் ஆசிரியர்கள் கையால்தானே திருத்துகிறார்கள்? முதலில் வாசிக்கட்டும், பிறகு எழுதலாம் என்பது இன்னொரு வாதம். எழுத எழுதத்தான் வாசிப்பும் வரும். அந்த வாதம் வகுப்பறைக்குள் போகாதவர்களின் பேச்சு. கல்லூரி முடித்தும் ஒரு விடுப்பு விண்ணப்பத்துக்கு மாதிரி தேடும் தலைமுறையை உருவாக்கியது இந்த அலட்சியம்தான்.

அடுத்த தேசிய ஆய்வில் கோடு போட்ட வெற்றுத்தாள் ஒன்றைச் சேருங்கள். தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு மூன்று பாடவேளைகளை எழுதுவதற்கென்றே ஒதுக்க ஓர் அரசாணை போதும். அந்த நேரத்தில் கரும்பலகை காலியாக இருக்கட்டும்.