பரங்கியும் பரங்கிக்காயும்

எங்க ஊர் கிள்ளைக்கு வடக்கே, வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் பரங்கிப்பேட்டை. ஒரே ஊருக்கு மூன்று பேர். போர்ச்சுக்கீசியனுக்கு அது போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். முஸ்லிம் ஆட்சியாளருக்கு மஹ்மூத் பந்தர். தமிழனுக்குப் பரங்கிப்பேட்டை. மேற்கும் இஸ்லாமும் இந்தக் கரையில் கலந்ததற்கு இந்தப் பேர்களே சாட்சி என்று பெருமையாகச் சொல்லலாம்தான். ஆனா அந்த மூன்றாவது பேரைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கணும் தோழர்களே.

சிலுவைப் போர்க் காலத்தில் (1096-1291) 'ஃபிராங்க்' என்ற இனப்பெயரை வைத்து மேற்கத்தியர் எல்லாரையும் 'இஃப்ரஞ்ச்' என்றார்கள் அரபியர். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி'. 1498இல் வாஸ்கோ ட காமா மலபார்க் கரையில் வந்திறங்கியபோது, அவனைக் கூப்பிட முஸ்லிம் வணிகர்களிடம் ஒரு சொல் தயாராக இருந்தது. தமிழில் அதுவே பரங்கி.

அதுவரைக்கும் அது வெறும் பேர். இங்கே கரையேறிய பிறகுதான் அதற்குச் சாதி வந்தது. மாட்டுக்கறி தின்கிறவன், குடிக்கிறவன், பறையரோடும் பரவரோடும் புழங்குகிறவன் எவனோ அவனே பரங்கி என்றார்கள் சாதி இந்துக்கள். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரி ராபர்ட் தெ நொபிலி, தான் பரங்கியே இல்லை, ரோமாபுரி உயர்குடி என்று அறிவித்தார். காவி கட்டினார். பார்ப்பனச் சமையல்காரர் வைத்துக்கொண்டார். அங்கே பரவர்களுக்கு ஊழியம் செய்துவந்த கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் பாதிரியிடமிருந்து விலகித் தனியே குடியிருந்தார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதியே கொடுத்துவிட்டார். இதற்குப் பேர் பண்பாட்டுப் பரிமாற்றமாம்!

பரங்கி தீட்டு, சரி. அவன் கப்பலில் வந்த அமெரிக்கக் காய்? பரங்கிக்காய் அக்ரகாரத்துச் சாம்பாரில் மிதக்கிறது. மிளகாயும் அப்படி வந்ததுதான். ஆளைத் தள்ளி வைத்தவன் காயைத் தள்ளவில்லை. சரக்குக்குத் தீட்டு கிடையாது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் தீட்டு.

பரங்கி யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. 1640களில் நாயக்கர்களின் கலகமும் பீஜப்பூர்ப் படையெடுப்பும் தஞ்சைச் சீமையைப் பாழாக்கின. பஞ்சம் வந்தது. 1646இல் டச்சுக் கம்பெனி 2,118 பேரை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. பெரும்பாலோர் இந்தத் தென் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள். நாயக்கனும் சுல்தானும் மோதினார்கள், டச்சுக்காரன் விலைக்கு வாங்கினான். மேற்கும் இஸ்லாமும் சந்தித்த இடம் இதுவும்தான். பஞ்சத்தில் முதலில் விலைபோகிறவன் நிலமில்லாதவன் என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆய்வுக்குப் போகிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்றேன். கப்பல், காசு, துணி பற்றி நிறையவே எழுதியாச்சு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், அடிமையாகக் கப்பலேறியவள், இவர்களைத் தேடுங்கள். நம்மோடு புழங்கினான் என்பதையே ஒருத்தனுக்கு வசையாக ஆக்கியது யார் என்ற கேள்வியோடு அந்த ஆவணங்களைப் பிரியுங்கள்.