நல்ல நிலம்னா வடிகாலும் சேர்ந்ததுதான்

ஊர் பேரே நன்னிலம். மயிலாடுதுறை–திருவாரூர் ரயில் பாதையில் இருக்கிற சின்ன பேரூர். சுந்தரர் பாடிய மதுவனேசுவரர் கோயில், கோச்செங்கட்சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில், இங்கேதான் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் தஞ்சை ஜில்லாவின் ஒரு தாலுகா. 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டம், 1997-லிருந்து திருவாரூர் மாவட்டம். மாவட்டம் மாறிச்சு, மண் மாறல.

அரசலாறு, முடிகொண்டான், திருமலைராஜன் என்று காவிரியின் கிளைகள் ஓடும் வட்டாரம் இது. தரையோ தட்டு மாதிரி சமதளம். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பாங்களா என்று எல்லோரும் கேட்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தத் தண்ணி எந்த வழியா வெளியேறும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

டெல்டாவில் ஒருத்தர் வயலின் வடிகால்தான் அடுத்தவருக்குப் பாசனம். நான் அமுதக்கரைசல் ஊத்துறேன். வடிகால் அடைச்சுக்கிட்டா அது மழையோட போயிடும். மேல வயலில் அடிச்ச களைக்கொல்லி வரப்பு தாண்டி என் வயலுக்கு வந்துடும். அதனால் இயற்கை விவசாயம் இங்கே தனி ஆள் வேலை இல்லை. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெட்டை ரகங்கள் தேங்கின தண்ணியைக் கொஞ்சம் தாங்கும். அதுக்காக வாய்க்காலைத் தூர்த்துடலாமா?

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் சில பெருந்தொழில்களையும் தடுக்குது. மீத்தேனுக்கு எதிரா ஊர் ஊரா நடந்து, 2013 டிசம்பரில் அந்தப் பயணத்திலேயே உயிர்விட்ட நம்மாழ்வார் ஐயா போன்றவர்களின் உழைப்பு அதில் இருக்கு. ஆனா தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. ரோட்டோர வயலில் மண்ணடிச்சுக் கல் நடும்போது, முதல்ல காணாமப் போறது கன்னி வாய்க்கால். வீடே வேண்டாம்னு சொல்லல. வாய்க்கால் மேல வேண்டாம்னுதான் சொல்றேன்.

நாம செய்யக்கூடியது இருக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்குங்க. அதில் இருக்கிற வாய்க்கால் தரையில் இருக்கானு நடந்து பாருங்க. இல்லாததைப் பட்டியல் போட்டு, மே 1 கிராமசபையில் தீர்மானமா வையுங்க. ஊருக்குள்ள இருக்கிறவங்க பேரூராட்சியில் மனுவாக் கொடுங்க. தண்ணி வர்றதுக்குள்ள தூர்வார அப்பதான் நாள் இருக்கும்.

பேரில் இருக்கிற நல்ல நிலம் வயலிலும் இருக்கணும்னா, முதல் மண்வெட்டி வடிகாலில்தான் விழணும்.