சிரிக்கக் கூடாத விடயங்கள்

அங்கதம் என்றதும் நமது இலக்கிய வட்டத்தில் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. சிரிப்பு வேண்டுமென்றால் மாமி மருமகள் சண்டையை எழுது, கல்யாண வீட்டுக் கூத்தை எழுது. இனவாதத்தையும் ஜனாஸாவையும் சட்டத்தையும் எழுதப் போகிறாயானால் சிரிப்பைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்பது இவர்களது கட்சி. பாரதூரமான விடயத்தைக் கிண்டலால் தொட்டால் துன்பம் மலினப்பட்டுவிடும் என்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால், இவர்கள் எந்த நாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஹோட்டல் ஒன்றில் சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டி 'மலட்டு மாத்திரை' ஆயிற்று. கூட்டம் சூழ்ந்து நின்று மிரட்ட, சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் தலையை ஆட்டினார். அது ஒப்புதல் வாக்குமூலமாகப் படம்பிடிக்கப்பட்டு நாடெங்கும் சுற்றியது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுதான் என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சொல்வதற்கிடையில் திகன எரியத் தொடங்கிவிட்டது. 2019 மே மாதம் ஹஸலக்கவில் ஒரு பெண் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட ஆடை உடுத்திருந்தார். பொலிஸாரின் கண்ணுக்குச் சுக்கான் தர்மச்சக்கரமாகத் தெரிந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கமறியல்.

இவ்விரண்டையும் ஒரு சிறுகதையாசிரியர் கற்பனையில் எழுதிக் கொண்டுவந்திருந்தால் 'மிகைப்படுத்தல் கூடிவிட்டது, நம்பகத்தன்மை இல்லை' என்று நமது விமர்சகர்களே திருப்பி அனுப்பியிருப்பார்கள். யதார்த்தமே அங்கதமாக நடந்துகொண்டிருக்கும் இடத்தில், அங்கதத்தைக் கைவிட்டு எழுதுகிறவர்தான் யதார்த்தத்திலிருந்து விலகிப்போகிறார்.

இனி ஜனாஸா விடயத்துக்கு வருவோம். 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. கொவிட்டினால் இறந்தோரை எரிக்க வேண்டும் என்றது. நிலத்தடி நீர் மாசுபடுமாம். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதமின்றி எரித்தார்கள். பொரளை கனத்தை வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதே மாதம் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சர் அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்தார். அதற்கு முந்திய மாதம் நோய் தீர முட்டிகளை ஆற்றில் போட்டவரும் அவரே. ஜனவரியில் அவருக்கும் தொற்று வந்தது. ஆக, நாட்டின் நிலத்தடி நீரைப் பாதுகாத்த விஞ்ஞானம் இதுதான்! 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதித்தபோது கிருமி திடீரென நீந்த மறந்துவிட்டதா என்று எவரும் விளக்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இதை எப்படி எழுதுவது? குழந்தையைப் பறிகொடுத்த உம்மாவையும் வாப்பாவையும் வைத்துச் சிரிப்பு மூட்டுகிறவன் எழுத்தாளனே அல்ல, அதில் தகராறில்லை. ஆனால் பாணியும் முட்டியும் நிலத்தடி நீரும் அழுது எழுத வேண்டிய பொருள்களா? அவற்றை முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு மறுத்துப் பேசினால், அவை மறுக்கத் தகுந்த வாதங்கள் என்ற மரியாதையை நாமே கொடுத்ததாகிவிடும். ஒரே நிகழ்வுக்குள் கண்ணீருக்குரிய இடமும் சிரிப்புக்குரிய இடமும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவதே எழுத்தாளனின் வேலை.

சார்லி சப்ளினை எனக்கு எதிராக எடுத்துக்காட்டலாம். 1940 இல் ஹிட்லரைக் கேலி செய்து 'த கிரேட் டிக்டேட்டர்' எடுத்தவர், தடுப்பு முகாம்களின் உண்மைக் கொடூரம் அன்று தெரிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964 இல் வெளியான சுயசரிதையில் எழுதினார். அவரது மனச்சாட்சிக்கு அது சரி. ஆயினும் அந்தப் படத்தில் நாம் சிரிப்பது பூகோள உருண்டையைப் பலூனாக்கி விளையாடும் சர்வாதிகாரியைப் பார்த்து. வதைபட்டவர்களைப் பார்த்து அல்ல.

அங்கதம் பிழையாக விளங்கப்படும், ஆபத்து என்கிறார்கள். மன்னார் பக்கத்து இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் 'நவரசம்' அங்கத நூலா? அதில் தீவிரவாதத்தைக் கண்டித்து நேரடியாக எழுதிய கவிதைகளே இருந்தன. அதையே தீவிரவாதத்தைப் பரப்பும் நூல் என்று வாசித்து 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தார்கள். பத்தொன்பது மாதம் உள்ளே. 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு எழுதியதால் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு என்ன?

மார்க்கத்தை முன்னிறுத்துவோருக்கும் ஒரு வார்த்தை. ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11 ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது. மனிதரை இழிவாக எண்ணுவதற்கான தடை அது. அநியாயத்தின் கோமாளித்தனத்தைக் காட்டுவதற்கான தடையன்று. குறைஷியரின் வசைக்குக் கவிதையால் பதில் கொடுத்த ஹஸ்ஸான் இப்னு தாபித் யாருடைய கவிஞர் என்பதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. தமிழ்ப் பக்கம் திரும்பினால் தொல்காப்பியச் செய்யுளியலே அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று வகுத்துவைத்திருக்கிறது. போருக்கு ஆயத்தமாய் நின்ற தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனது பளபளக்கும் ஆயுதங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தாள். போரைவிடப் பாரதூரமான விடயம் உண்டா?

டென்மார்க் கேலிச் சித்திரங்களை இங்கே இழுக்காமல் விடமாட்டார்கள். 2005 இல் அவற்றைப் பிரசுரித்த அதே பத்திரிகை, 2003 இல் இயேசுவைப் பற்றிய கேலிச் சித்திரங்களை வாசகர்கள் விரும்பமாட்டார்கள் என்று மறுத்திருந்தது. தன் வீட்டாருக்கு ஒரு சட்டம், வந்து குடியேறிய சிறுபான்மைக்கு இன்னொரு சட்டம். என் ஆட்சேபம் அங்கேதான்.

அதே அளவுகோலால் நம்மையும் அளக்கத்தானே வேண்டும். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த ஆலோசனை கூற 2009 இல் நீதியரசர் சலீம் மர்ஸூப் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அறிக்கை 2018 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. அதுவும் அங்கத்தவர்கள் இரு அணியாகப் பிரிந்து. குழு கூடியபோது ஒன்பது வயதாயிருந்த ஒரு பிள்ளை, அறிக்கை வருமுன் 1951 ஆம் ஆண்டின் அதே சட்டப்படி கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பஸஹ் கேட்டுக் காதி நீதிமன்றப் படி ஏறி இறங்கியிருக்கலாம். அந்தச் சட்டத்தின்கீழ் நடந்த விவாகப் பதிவில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலி ஒப்பமிடுவார். கல்யாணம் யாருக்கோ அவளுடைய கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. நமது பெண்கள் இதை அழுதும் சொல்லிவிட்டார்கள், முறையிட்டும் சொல்லிவிட்டார்கள். வீட்டு விடயம் வீதிக்கு வரக்கூடாது என்று அடக்கினோம்.

இனி அவர்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டு எழுதட்டும். அந்தக் கதை வரும் நாளில் 'இது சிரிக்கிற விடயமா?' என்று கேட்டு எழும்பப்போகிறவர்களில் பாதிப்பேர், 2020 டிசம்பரில் பாணித் துணுக்குகளைக் கைத்தொலைபேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பி மகிழ்ந்தவர்களாகவே இருப்பார்கள்.