அறுபதாம் நாளும் ஐந்நூறாவது யூனிட்டும்

2025 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணம் 3.16 விழுக்காடு கூடியது. வீட்டு இணைப்புகளுக்கு உயர்வு இல்லை, அந்தச் சுமையை அரசே ஏற்கும், 100 யூனிட் இலவசமும் தொடரும் என்று அன்று மின்துறை அமைச்சராக இருந்த எஸ்.எஸ். சிவசங்கர் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து வயர்மேன்களும் ஒப்பந்ததாரர்களும் நம்மிடம் கேட்பது ஒரே கேள்வி: ‘வீட்டுக்குத்தான் ஏறவில்லையே, இனி எல்.இ.டி. மாற்று, பி.எல்.டி.சி. ஃபேன் போடு என்றால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?’

கேட்பார்கள். விலை ஏறவில்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டணப் படிகளும் அப்படியே நின்றன. 2024 ஜூலை விலையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான 2.35 ரூபாய்ச் சலுகை பறிபோய் 4.70 ஆகிவிட்டது. இதை நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நுகர்வோருக்குச் சொன்னோமா என்பதுதான் கேள்வி.

ஆகவே இந்த இதழின் நிலை இது: சிக்கனத்தை எல்லா வீட்டுக்கும் ஒரே பேச்சாகப் பேசாதீர்கள். ஏணியை எடுப்பதற்கு முன்னால் ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையை வாங்கி ஓராண்டின் ஆறு ரீடிங்கையும் பாருங்கள். வீடு எந்தப் படியில் நிற்கிறது, கோடையில் எந்தப் படிக்கு ஏறுகிறது என்று தெரிந்த பிறகு பேசுங்கள்.

செந்துறைப் பக்கம் ஓட்டுவில்லை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு டியூப்லைட், ஒரு ஃபேன், டி.வி., மிக்ஸி. இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். பட்டை சோக்கோடு எரியும் டியூப் 52 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். அதை 20 வாட் எல்.இ.டி. பேட்டனாக மாற்றினால், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்து, அறுபது நாளில் 9.6 யூனிட் மிச்சம். அந்தப் படியின் 2024 விலையில் அதன் மதிப்பு 22 ரூபாய் 56 காசு. பேட்டன் விலை இருநூற்றுச் சொச்சம் என்றால் போட்ட காசு திரும்ப ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். நூறு யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அதுவும் இல்லை, மிச்சம் பூஜ்யம். அந்த வீட்டுக்காரரிடம் போய், ‘பில் பாதியாகும்’ என்று சொல்லிப் பொருளை விற்பவர் நம் தொழிலுக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்.

அப்படியானால் அந்த 9.6 யூனிட்டால் லாபம் யாருக்கு? மானியம் கட்டும் அரசுக்கும், மாலை உச்ச நேரத்தில் வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கும் மின்வாரியத்துக்கும். லாபம் பெறுபவர்தானே முதல் போட வேண்டும்? 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் அந்தக் கணக்கைத்தான் போட்டது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 2021-இல் கிராம உஜாலா என்று குண்டு பல்பைக் கொடுத்தால் பத்து ரூபாய்க்கு எல்.இ.டி. தந்தார்கள், முதல் கட்டத்தில் ஆரா, வாரணாசி, விஜயவாடா, நாக்பூர் எல்லாம் இருந்தன, தமிழ்நாடு இல்லை. மறு ஆண்டு, 2022 ஜூலை 18 முதல், எல்.இ.டி. விளக்குக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 விழுக்காடானது. ஒரு கையால் ஸ்டார் லேபிள் ஒட்டிவிட்டு மறு கையால் வரியைக் கூட்டுவது என்ன கொள்கையோ!

இத்தனைக்கும் நம் வட்டாரத்துக் கிராமங்கள் எல்.இ.டி.க்கு மாறியது சிக்கனத்துக்காக இல்லை. லோ வோல்டேஜுக்காக. மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் சுற்றிலும் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் லைனின் கடைசி வீட்டில் பட்டை சோக்கு டியூப் ஸ்டார்ட்டரோடு மல்லுக்கட்டும். இரண்டு முனையும் சிவந்து கிடக்கும், பிடிக்காது. அகன்ற வோல்டேஜ் டிரைவர் உள்ள பேட்டனோ அந்த நிலையிலும் நின்று எரியும். வேப்பந்தட்டைப் பக்கம் சோளக்காட்டு வீடுகளில் யாரும் வாட் கணக்குப் பார்த்து வாங்கவில்லை. எரிகிறதா என்று பார்த்து வாங்கினார்கள்.

அதே காரணத்தால் மலிவுப் பல்பும் புகுந்தது. ஸ்டார் லேபிள் எல்.இ.டி. விளக்குக்கு 2018 முதலே கட்டாயம். ஆனாலும் பெயர் தெரியாத டி.ஓ.பி. பல்பின் கழுத்தில் மார்க்கர் பேனாவால் தேதியைக் கிறுக்கி ‘ஒரு வருஷம் வாரண்டி’ என்று கொடுக்கும் கடைகள் இன்னும் உண்டு. மோட்டார்கள் ஒன்றாக நிற்கும்போது வோல்டேஜ் ஏறுகிறது, டிரைவர் போகிறது, வாடிக்கையாளர் ‘எல்.இ.டி.யே இப்படித்தான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார். வாங்கிப் பொருத்துவது நாம் என்றால் ஐ.எஸ். 16102, சர்ஜ் தாங்கும் அளவு, பவர் ஃபேக்டர் மூன்றையும் அட்டைப்பெட்டியில் படித்துப் பார்த்து வாங்குவதும் நம் வேலைதான்.

இன்னொன்று: சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறது என்று கூப்பிட்டால் பல்பை மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும். ஹோல்டரில் பேஸ் எப்போதும் உயிரோடு இருக்கும். குண்டு பல்பு காலத்தில் தெரியாத தப்பை எல்.இ.டி. காட்டிக்கொடுக்கிறது. டெஸ்டரை எடுத்துப் பாருங்கள்.

விளக்கைப் பற்றி இவ்வளவு போதும். வீட்டு மீட்டரை ஓட்டுவது ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. 30 வாட். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 32.4 யூனிட் மிச்சம். மூன்று டியூப் மாற்றினால் கிடைப்பதை ஒரு ஃபேன் தருகிறது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயமாகிவிட்டது. 401 முதல் 500 வரையிலான படியில் 2024 விலையில் யூனிட் 6.30 ரூபாய் என்பதால் சுற்றுக்கு 204 ரூபாய் மிஞ்சும். விலை மூவாயிரம் என்றாலும் இரண்டரை ஆண்டுக்குள் கைக்கு வந்துவிடும். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்க மறக்க வேண்டாம். அதை விட்டுவிட்டு மாட்டிய ஃபேன்தான் மூன்றாம் மாதம் திரும்பி வருகிறது. துறைமங்கலம், பெரம்பலூர் புதிய பேருந்து நிலையப் பக்கம், அரியலூர் டவுன் என்று 450-க்கும் 550-க்கும் நடுவே ஊசலாடும் வீடுகள் நிறைய. இரண்டு ஃபேன் மாற்றினால் வீடு ஐந்நூறுக்குள் நிற்கும் என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.

சொல்லலாம், ரீடிங் எடுப்பவர் அறுபதாம் நாள் வந்தால்.

இந்தப் பக்கத்தில் இதை முன்பும் எழுதியிருக்கிறோம், மறுபடியும் எழுதுகிறோம். நம் வட்டாரத்தில் ஒரு வீட்டின் அட்டை நம் மேசைக்கு வந்தது. பிரிவு அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஃபேன் மாற்றிய பிறகு சராசரி நாளுக்கு 7.8 யூனிட். அறுபது நாளுக்கு 468 யூனிட், 1,603 ரூபாய் 40 காசு வர வேண்டும். ரீடிங் எடுத்தது அறுபத்தைந்தாம் நாள். மீட்டரில் 507. பில் 2,098 ரூபாய் 80 காசு. ஐந்து நாள் தாமதத்தில் ஏறிய யூனிட் 39, ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு மாதம் முழுக்க மிச்சம் பிடித்ததைவிட அதிகம். அந்த வீட்டுக்காரர் ஃபேன் மாட்டிக்கொடுத்த வயர்மேனைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்: ‘என்னய்யா, மிச்சமாகும்னு சொன்னே?’

‘அடுத்த தடவை அஞ்சு நாள் குறைச்சலா வரும், சரியாப் போயிடும்’ என்பது அலுவலகங்களில் சொல்லும் வழக்கமான பதில். சரியாகப் போகாது. அடுத்த சுற்று ஐம்பத்தைந்து நாள், 429 யூனிட், 1,357 ரூபாய் 70 காசு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பில்லும் சேர்ந்து 3,456 ரூபாய் 50 காசு. நாள் தவறாமல் எடுத்திருந்தால் 3,206 ரூபாய் 80 காசு. நடுவில் காணாமல் போன 249 ரூபாய் 70 காசு யாருடையது? நுகர்வோர் ஒரு யூனிட்கூடக் கூடுதலாக எரிக்கவில்லை. எரித்த மொத்தம் இரண்டு கணக்கிலும் 936-தான். பழச்சந்தையில் எடைக்கல்லைத் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து சோதிக்கிறார். இங்கே காலண்டரைச் சோதிக்க யாரும் இல்லை.

கணக்கீட்டாளரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காலியிடங்களை நிரப்பாமல் ஒருவர் தலையில் இரண்டு மூன்று பேரின் வேலையைக் கட்டினால் அவர் எப்படி அறுபதாம் நாள் எல்லா வீட்டு வாசலிலும் நிற்பார்? வெயிலில் அவர் நடந்தே போகிறார். குறை, நாள் எத்தனை என்று பார்க்காமல் மொத்த யூனிட்டை மட்டும் படியில் பொருத்தும் கணக்கில் இருக்கிறது. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியாமல் நான்கு மாதத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது ஊரே கொதித்தது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அன்று பெரிதாகத் தெரிந்தது இன்று ஐந்து நாள், ஏழு நாள் என்று சில்லறையாக நடப்பதால் யாரும் வழக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

மாதக் கணக்கீடு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம் வாசகர்களிலேயே பலர் நம்புகிறார்கள். 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. தந்த வாக்குறுதி அது. ஆட்சியின் நான்கு ஆண்டு கடந்தும் வரவில்லை. ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் வரும் என்றார்கள். ஸ்மார்ட் மீட்டர் டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. சரி, வந்தே விட்டதென்று வைத்துக்கொள்வோம். படிகளையும் பாதியாக்கித்தான் மாதக் கணக்குப் போடுவார்கள்: எல்லை 250. அதே 7.8 யூனிட் வீட்டுக்கு முப்பது நாளில் 234. மூன்று நாள் பிந்தினால் 257. ஐந்து நாள் தாமதம் செய்த வேலையை மூன்று நாள் தாமதமே செய்துவிடும்! நாள் விகிதம் இல்லாத மாதக் கணக்கீடு நுகர்வோருக்கு நன்மை இல்லை, இன்னும் குறுகிய கயிறு.

நாம் கேட்பது செலவில்லாத ஒன்று. படியின் எல்லையை ரீடிங் நாட்களால் பெருக்கி அறுபதால் வகுக்க வேண்டும். அறுபத்தைந்து நாள் என்றால் எல்லை 541; இலவச யூனிட் 108. மேலே சொன்ன வீடு ஐந்நூறு படிக்குள்ளேயே நின்றிருக்கும். கணக்கீட்டாளர் கையில் இருக்கும் கருவியில் போன தேதியும் இந்தத் தேதியும் ஏற்கெனவே இருக்கின்றன, கழித்தால் நாள். இதற்கு மீட்டர் மாற்ற வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஆள் எடுக்க வேண்டாம். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு வரியில் உத்தரவிட்டால் போதும். கட்டணத்தை ஆண்டுக்கு ஆண்டு தசமப்புள்ளி வரை பார்த்து ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இந்த வகுத்தல் மட்டும் ஏன் கைக்கு வரவில்லை?

மின்துறை 2025 ஏப்ரலில் அன்றைக்குக் குன்னம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சிவசங்கர் கைக்கு வந்தது. நம் வட்டாரத்துக்காரர். இந்த மண் மின்சாரத்துக்காக என்ன கொடுத்தது என்பது அவருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென்று 1990-களில் விவசாயிகளிடம் நிலம் எடுத்தார்கள்; இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன; ஒரு யூனிட் வரவில்லை; கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்தக் கிராமங்களில் இன்று ஃபேன் மாற்றி, டியூப் மாற்றி யூனிட்டை மிச்சம் பிடிப்பவர்களிடமிருந்து ஐந்து நாள் தாமதத்தின் பேரில் இருநூற்றைம்பது ரூபாய் எடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? வீட்டுக்குக் கட்டணம் ஏற்றவில்லை என்று அறிவிப்புக் கொடுத்தவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சில. ஃபேனோ விளக்கோ மாற்றிக் கொடுக்கும் வீட்டில் மீட்டர் பெட்டியின் உட்பக்கம் கடைசி ரீடிங் தேதியையும், அதிலிருந்து அறுபதாம் நாள் எந்தத் தேதி என்பதையும் எழுதிவிட்டு வாருங்கள். அன்று மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பற்றிப் பேசும்போது தாமதத்தைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் ஏச்சு குறையும்.

ஆணையத்தின் அடுத்த கருத்துக் கேட்புக்கு இரண்டு மாவட்டத்து அட்டைகளையும் தொகுத்து இணைப்பாக வைக்கப் போகிறோம். அறுபத்திரண்டு நாளைத் தாண்டிய ரீடிங் எதுவாக இருந்தாலும், நுகர்வோரின் ஒப்புதலோடு, படம் எடுத்து அனுப்புங்கள். பெயரும் இணைப்பு எண்ணும் உள்ள முதல் பக்கம் வேண்டாம். தேதியும் ரீடிங்கும் உள்ள பக்கம் மட்டும் போதும்.