கங்கராஜன் கேட்ட வரம்

பெங்களூர்த் தமிழரில் சிரவணபெளகொளவுக்குப் போய் வராதவர் குறைவு. மலையேறுகிறோம், ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள கோமடேசுவரரை அண்ணாந்து பார்க்கிறோம், இறங்கி வருகிறோம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சிலையைச் செய்வித்தவர் கங்க மன்னரின் படைத்தலைவர் சாவுண்டராயர் என்பது பலருக்குத் தெரியும். சிலையைச் சூழ்ந்து நிற்கும் திருச்சுற்றைக் கட்டியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் பெயர் கங்கராஜன்.

ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகர் அவர். காவிரிக்கரைத் தலைக்காடு பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் வசமாகி, இராசராசபுரம் என்று பெயர் மாறியது. 1116-ஐ ஒட்டி, சோழரின் சிற்றரசனான அதியமானை வென்று அதை மீட்டவர் கங்கராஜன். தோற்றது நம் பக்கம். அதனால்தானோ என்னவோ, சோழர் பெருமை முழங்கும் நம் சங்க மேடைகளில் இவர் பெயர் வருவதேயில்லை.

ஆனால் அவர் பெருமை வாளோடு முடியவில்லை. கன்னெகாலில் சாளுக்கியப் பாசறையை இரவில் தாக்கி வென்றபோது, மகிழ்ந்த மன்னன் வேண்டியதைக் கேள் என்றான். கங்கராஜன் பரமா என்ற ஊரைக் கேட்டு வாங்கினார். வாங்கியதைத் தம் தாயார் போசலதேவியும் மனைவி லட்சுமிதேவியும் எடுப்பித்த சமணக் கோயில்களுக்கே கொடுத்துவிட்டார். சிரவணபெளகொளக் கல்வெட்டு சொல்லும் செய்தி இது.

பொன் கேட்காமல் ஊர் கேட்டது ஏன்? சமணக் கோயிலைக் கன்னடத்தில் 'பசதி' என்பார்கள். 'வசதி' என்ற வடசொல்லின் திரிபு அது, பொருள், தங்குமிடம். சமண முனிவருக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. ஒரு வேளை உணவு. அதுவும் இல்லறத்தார் கையால். பொன் செலவழிந்து போகும், நிலமோ ஆண்டுதோறும் விளையும். பூசை, பழுதுபார்ப்பு, முனிவர் உணவு எல்லாம் அந்த விளைச்சலிலிருந்து நடக்கும். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் 'பள்ளிச்சந்தம்' என்று வருவதும் இத்தகைய நிலக்கொடைதான். கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது, உழுதவர் பெயர் இல்லை. அதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று கவனிக்க வேண்டும். கோமடேசுவரரின் காலடியில் சாவுண்டராயர் பெயர் கன்னடம், தமிழ், மராத்தி மூன்றிலும் வெட்டப்பட்டுள்ளது. திருச்சுற்று எழுப்பிய கங்கராஜன் பெயர் கன்னடத்திலும் மராத்தியிலும் உள்ளது. சோழர் படையோடு மோதிய அந்தத் தளபதியின் பெயருக்கு அருகிலேயே தமிழ் வரியும் இன்றுவரை அழியாமல் நிற்கிறது. போர் எல்லைக்காக நடந்தது. மொழியோடு பகை பாராட்டவில்லை.

1991-ல் காவிரித் தகராறின்போது இந்நகரத் தமிழர் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. 2016-லும் பேருந்துகள் எரிந்தன. அப்போதெல்லாம் இரு மொழியாரையும் ஜென்மப் பகைவர் போலப் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு இந்த மலைமேல் ஆயிரம் ஆண்டுப் பழைய பதில் இருக்கிறது. அதைக் கன்னட நண்பருக்குக் காட்ட வேண்டுமானால், அவர் எழுத்தை நாமும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? முப்பது ஆண்டுகள் இங்கே உப்புத் தின்றும், பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறவர் நம்மில் எத்தனை பேர்! தமிழுக்கு மரியாதை கேட்பது நம் உரிமை. கன்னடத்துக்கு மரியாதை செய்வது நம் கடமை.

தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களைச் சிரவணபெளகொளவுக்கு அழைத்துப் போகலாம். 2017-ல் பாதை திறந்தபின் பெங்களூரிலிருந்து ரயிலிலேயே போகலாம். கன்னட நண்பர்களையும் கூட அழையுங்கள். அவர்கள் அந்தக் கன்னட வரியைப் படித்துச் சொல்லட்டும், நாம் தமிழ் வரியைச் சொல்வோம்.