843 எம்பியும் சின்னம்மா வீடும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு விசேஷம் உண்டு. கோயில் திருவிழா இல்லை. செல்போனில் அன்றைய டேட்டா புதிதாகப் பிறக்கும் நேரம். கொடுத்த ஒன்றரை ஜிபியைச் சாயங்காலமே கிரிக்கெட்டிலும் ரீல்ஸிலும் கரைத்துவிட்டு, மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம் ரூம்களில் பன்னிரண்டு அடிக்கக் காத்திருக்கும் இளைஞர்கள் ஏராளம். மற்ற ஊர்களில் நடுநிசிக்கு மேல் டவர் கொஞ்சம் ஓய்வெடுக்கும். இங்கே மூன்றாவது ஷிஃப்ட் இருப்பதால் டவருக்கும் நைட் டியூட்டி!

இந்தச் சூழ்நிலையில் லினக்ஸை அப்டேட் செய்வது எப்படி என்பதுதான் இந்த வாரச் சமாச்சாரம்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், டிப்ளமா முடித்தவன், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் டிரெயினி. ஆறு பேர் தங்கும் ரூம். படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பை இன்னும் பொன் போல வைத்திருக்கிறான். விண்டோஸ் அதில் நொண்டியடித்ததால் உபுண்டு போட்டு, வேலை முடிந்து வந்து பைதான் கற்றுக்கொள்கிறான். வருஷக் கடைசியில் டிரெயினிங் முடிந்து வெளியே அனுப்பிவிட்டால் கையில் ஒரு தொழில் வேண்டுமே! மார்க் ஷீட், ஆதார், பாங்க் பாஸ்புக், பரீட்சைக்கு எழுதிவைத்த புரோகிராம்கள் எல்லாம் அதில்தான்.

"அப்டேட் பண்ணி எத்தனை நாளாச்சு தம்பி?"

"பதினாலு மாசம் இருக்கும் சார். அது கேக்கிற டேட்டாவைப் பார்த்தாலே பயமா இருக்கு."

கட்டளை கொடுத்துப் பார்த்தோம். 843 எம்பி இறக்கணும், சரியா இல்லையா என்று கேட்டுவிட்டு நின்றது. தினசரி டேட்டா தீர்ந்தால் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். அதாவது விநாடிக்கு வெறும் 8 கிலோபைட். கணக்குப் போட்டால் 843 எம்பிக்கு 29 மணி நேரம். அதற்குள் ஒரு ஷிஃப்ட் போய்விட்டு வந்து, தூங்கி எழுந்து, அடுத்த ஷிஃப்டும் போய்விடலாம்.

"அப்டேட் பண்ணாட்டி என்ன சார் ஆயிடப் போவுது, ஓடுது இல்ல?"

2017 மே 12-ஐ ஞாபகப்படுத்தினேன். வான்னாகிரை என்ற வில்லன் உலகம் பூரா கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டு பணயத் தொகை கேட்ட நாள். ஒரகடத்தின் அன்றைய ரெனோ-நிசான் தொழிற்சாலையின் உற்பத்திகூட பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. மருந்து வந்து இரண்டு மாசம் கழித்து வந்த வியாதி! போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

"அது விண்டோஸ் சார்" என்றான். லினக்ஸ்காரர்களுக்கே உரிய அந்தச் சின்னக் கர்வம். 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்று ஒன்று வந்ததைச் சொன்னேன். லினக்ஸில் கட்டளை தட்டுகிறோமே, அந்த 'பாஷ்' நிரலில் 1989-லிருந்து இருந்த ஓட்டை. இருபத்தைந்து வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. கண்டுபிடித்ததும் சில நாட்களில் திருத்தங்கள் வந்தன. ஆனால் அது வீடு தேடி வந்து இறங்காது. நாம்தான் இறக்கவேண்டும்.

இந்தக் கஷ்டம் புதுசு இல்லை. 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபோது, பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 256 கிலோபிட் போதும். ராத்திரி 2 மணி முதல் காலை 8 வரை கணக்கில்லை என்று ஒரு திட்டம் வந்தது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுப் படுத்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அந்த வயதில் பலர் பரீட்சைக்குக்கூட அப்படி எழுந்ததில்லை. அதுவும் முடியாதவர்களுக்கு உபுண்டுகாரர்கள் 2005 முதல் 2011 வரை உலகில் எங்கே கேட்டாலும் இலவசமாக சிடி அனுப்பினார்கள். தபால்காரர் ஆபரேட்டிங் சிஸ்டம் கொண்டுவந்து கொடுத்த காலம் அது! ஒரு சிடியை ஹாஸ்டல் பூரா காப்பி எடுக்கலாம், திருட்டு இல்லை, சட்டப்படியே சரி. அன்றைக்கு 700 எம்பிக்குள் அடங்கிய உபுண்டு, 2024 பதிப்பில் 6 ஜிபியை நெருங்கிவிட்டது. வளர்ந்த பிள்ளைக்குச் சட்டை தைக்கிற கதைதான்.

சிடி போனாலும் வழி போகவில்லை. நம் நாட்டுக்காரர் ரித்தேஷ் ராஜ் சர்ராஃப் என்பவர் எழுதிய 'ஏபிடி-ஆஃப்லைன்' என்ற கருவி இருக்கிறது. நெட் இல்லாத லேப்டாப்பில் அதை ஓட்டினால், என்னென்ன வேண்டும் என்று ஒரு சின்ன ஃபைல் தரும். மளிகைச் சீட்டு மாதிரி. சீட்டைப் பென்டிரைவில் போட்டு, நல்ல நெட் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் சாமான்களை இறக்கி மூட்டை கட்டிக் கொடுக்கும். அங்கே லினக்ஸ் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை, பைதான் இருந்தால் விண்டோஸே போதும். மூட்டையைத் திரும்பக் கொண்டுவந்து லேப்டாப்பில் பிரிக்கவேண்டியதுதான்.

"யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல இறக்கினதை எப்படி சார் நம்புறது?"

நல்ல கேள்வி. இந்த ஊர் ஆளுக்குப் பதில் சுலபம். இங்கிருந்து துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களைப் பார்த்திருப்பான். லாரி யாருடையது, டிரைவர் யார், வழியில் எங்கே டீ குடித்தார் என்று யாரும் விசாரிப்பதில்லை. சீல் உடையாமல் வந்ததா, அதுதான் கேள்வி. இதிலும் அப்படித்தான். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கைரேகை எண் உண்டு. எல்லா எண்களும் அடங்கிய பட்டியலுக்கு வெளியிட்டவர்களின் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. அதைச் சரிபார்க்கும் சாவி ஏற்கனவே உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் சீல் உடைந்தது தெரிந்துவிடும். (முதன்முதலில் போட்ட உபுண்டுவே போலி என்றால் ஆண்டவன் விட்ட வழி. அதை மட்டும் தெரிந்த இடத்தில் வாங்குங்கள்.)

பையனுக்குக் காஞ்சிபுரத்தில் சின்னம்மா வீடு. அங்கே ஃபைபர் நெட். வார லீவில் பென்டிரைவோடு பஸ் ஏறினான். இதில் ஒரு சங்கடம், ரொம்ப நாள் விட்டுவிட்டால் ஒரு நடையில் முடியாது. முதல் நடை புதுப் பட்டியலுக்கு, அடுத்த நடை சாமானுக்கு. அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்த பிள்ளையைப் பார்த்து சின்னம்மாவுக்கு ஒரே பூரிப்பு. கறிக்குழம்பு வைத்தார்களாம். 843 எம்பி விஷயத்தை அவன் சொல்லவில்லை.

சின்னம்மா வீடு இல்லாதவர்களுக்கு: பொறுமையாகப் பிரித்து இறக்கலாம். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காது, விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் ஆரம்பித்தால் இன்றைய மிச்சமும் நாளைய முதலும் சேரும். 'இறக்கு, ஆனால் நிறுவாதே' என்று சொல்ல வசதி இருக்கிறது. எல்லாம் வந்த பிறகு சார்ஜரைச் சொருகிவிட்டு நிறுவுங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்தால் தலைவலி. ஹாட்ஸ்பாட் இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவையுங்கள், தானாக இறங்கி டேட்டாவைக் குடிப்பது பெரும்பாலும் நிற்கும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை வரும் புதுப் பதிப்புகளைத் துரத்தவேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் போட்டால் ஐந்து வருஷம் திருத்தங்கள் உண்டு. ஒரே ரூமில் நாலு பேர் உபுண்டு வைத்திருந்தால் 'ஏபிடி-கேஷர்-என்ஜி'யை ஒரு லேப்டாப்பில் போடுங்கள். ஒருவர் இறக்கினால் மற்ற மூவருக்கும் ரூமுக்குள்ளேயே கிடைக்கும், டேட்டா செலவு ஒரு பங்குதான். யார் ரீசார்ஜில் இறக்குவது என்பதை ரூம்மேட்கள் பேசித் தீர்த்துக்கொள்ளவும். காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. சந்தேகம் வந்தால் தமிழிலேயே கேட்கலாம்.

ஆபீஸில் நெட் பறக்கிறதே, மதிய இடைவேளையில் அங்கே இறக்கிக்கொள்ளலாமா என்று சிலர் கை தூக்குவது தெரிகிறது. வேண்டாம். பல கம்பெனிகளில் கேட்டிலேயே போன் காமிராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பென்டிரைவ் சோதனையில் அகப்பட்டால், "உபுண்டு செக்யூரிட்டி அப்டேட் சார்" என்று வாசல் செக்யூரிட்டியிடம் விளக்கிப் பாருங்கள். கம்பெனி பஸ் போய்விடும்.